மத்தியானத்தில் மலை ஏறாத கார்

வேலையிலிருந்து நான் ஓய்வு பெறவில்லை. என் இடுப்புதான் ஓய்வு பெற்றது. அதோடு ஒட்டிக்கொண்டிருந்த குற்றத்துக்காக நானும் வீட்டுக்கு வந்துவிட்டேன். நாற்பத்தைந்து வயதில், காருக்கு அடியில் போனால் காலைப் பிடித்து வெளியே இழுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனாலும் ஒரு நாளைக்கு எத்தனை முறை இழுப்பார்கள்?

போன மாதம் அந்த இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். ஒர்க்ஷாப்புக்கு டர்போ வைத்த பழைய கார் ஒன்று வந்திருக்கிறதாம். எஞ்சினுக்குள் போகும் காற்று சூடாக இருக்கிறதாம். குளிர்ந்த காற்று போக வழி செய்ய வேண்டுமாம்.

"அண்ணே, நீங்க ஒரு காருக்கு அந்த வேல செஞ்சீங்களாமே, திருத்தணி மலை ஏத்தறதுக்கு?"

"ஆங், செஞ்சேன். மொதல்ல அத்த மலையில நிறுத்தனேன். அப்பறம்தான் ஏத்தனேன்."

சிரித்தார்கள். நான் உண்மை சொல்லும்போதெல்லாம் ஜனங்கள் சிரிப்பது என் ஜாதக விசேஷம். அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

தொழில் கற்ற கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். அறுபதுகளின் தொடக்கத்தில் அரக்கோணத்தில் ஒரு லாரி ஷெட். முதல் இரண்டு வருஷம் மண்ணெண்ணெயில் நட்டு போல்ட்டு கழுவினேன். மூன்றாம் வருஷம் முடுக்க விட்டார்கள். ஐந்தாம் வருஷம்தான் கழற்ற விட்டார்கள். முடுக்கக் கை போதும், கழற்ற மூளை வேண்டும் என்பார்கள். என்னிடம் இரண்டாவது வந்துவிட்டது என்று அவர்கள் நினைத்தது அவர்கள் தப்பு. பிறகு திருத்தணி. மலையடிவாரத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு ஒர்க்ஷாப். அங்கேயே இருபது வருஷத்துக்கு மேல்.

எண்பதுகளில் அங்கே போர்மேனாக வந்தவர் தயாளன். வேலூரில் டிப்ளமா படித்தவர். என்னைவிட ஏழு வயது சின்னவர். எனக்கு அது முதல் வாரம் உறுத்தியது. இரண்டாவது வாரம் மறந்துவிட்டேன். யாரைப் பார்த்தாலும் 'ங்க' போடுவார். துருப்பிடித்த நட்டு அசையாவிட்டால் அதனிடம்கூட, "கொஞ்சம் வாங்க" என்பார். சட்டையில் ஒரு சொட்டு ஆயில் படாது. நான் ஏதாவது கதை அடித்துவிட்டால், பொய் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இருக்கட்டுங்க" என்பார். அதைக் கேட்டதும் நான் ஸ்பேனரைத் தேட ஆரம்பித்துவிடுவேன்.

அப்போதுதான் அந்தக் கார் வந்தது. சென்னையில் வெளிநாட்டுத் தூதரகம் ஒன்று பயன்படுத்திவிட்டு ஏலத்தில் விட்ட டீசல் கார். சாம்பல் நிறம். எட்டு வயது. ஏலத்தில் எடுத்தவர் அம்மையார்குப்பம் வரதராஜன் முதலாளி. முப்பது விசைத்தறி வைத்திருந்தார். காரை ஓட்டியவன் என் மச்சான் ஏகாம்பரம், என் மனைவி கஸ்தூரிக்குத் தம்பி. எங்கள் பக்கத்து வழக்கப்படி என்னை 'பாவா' என்பான்.

ஏகாம்பரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் நெசவு வீட்டுப் பிள்ளை. பதினைந்து வருஷம் விசைத்தறியில் நின்றவன். தறிக் கொட்டகையின் சத்தம் அவன் காதுக்குள் குடி வந்துவிட்டது. கொட்டகையை விட்டு வந்தாலும், சாப்பிடும்போதும், படுக்கும்போதும் 'டக்கு டக்கு டக்கு' என்று உள்ளே ஓடிக்கொண்டே இருக்குமாம். லைசென்ஸ் எடுத்து இந்தக் காரில் உட்கார்ந்த பிறகுதான் அது அடங்க ஆரம்பித்தது. "கண்ணாடிய ஏத்திட்டன்னு வையி பாவா, தண்ணிக்குள்ள முழுகினாப்பல கீது" என்பான். அவனுக்கு அது கார் இல்லை, மருந்து.

அந்த மருந்துக்குத்தான் ஆபத்து வந்தது. காலையில் குதிரை மாதிரி ஓடும் கார், மத்தியானத்தில் மலைப்பாதை ஏறும்போது இரண்டாவது வளைவுக்கு மேல் மூச்சு வாங்கும். கரும்புகை கக்கும். சைக்கிள்காரன் தாண்டிப் போவான். முதலாளி அதை ஏகாம்பரத்தின் கால் கோளாறு என்று முடிவு கட்டிவிட்டார்.

ஒர்க்ஷாப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இன்னாப்பா, தறி மிதிக்கிற மாதிரி மிதிச்சா வண்டி இன்னா பண்ணும்? ஆடி போவட்டும். அதுக்கு அடுத்த கிருத்திகைக்குப் புத்தூர்லேர்ந்து சம்பந்திங்க வர்றாங்க. அன்னிக்கு வண்டி மலையில நின்னுச்சு, சாவியக் குடுத்துட்டுத் தறிக்கு வந்துடு."

ஏகாம்பரம் வலது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான்.

தயாளன் உடனே பானெட்டைத் திறக்கவில்லை. முதலாளியின் சாயப்பட்டறையில் சாயத் தொட்டிச் சூடு பார்க்கும் நீளக் கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தது. அதைக் கேட்டு வாங்கி வந்தார். ஏர் கிளீனரின் வாயில், காற்று உள்ளே நுழைகிற இடத்தில், கம்பியால் கட்டினார். காலை ஏழு, பகல் பதினொன்று, மத்தியானம் ஒன்றரை. மூன்று வேளையும் ஏகாம்பரம் ஓட்ட வேண்டும். இரண்டாவது வளைவில் நிறுத்தியதும் நான் குதித்துப் பானெட்டைத் திறந்து, பத்து எண்ணுவதற்குள் அளவைப் படிக்க வேண்டும். அவர் பின் சீட்டில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்.

"எழுவதுங்க!" என்று கத்தினேன்.

"எழுவதா, எழுவதுக்குக் கிட்டவாங்க?"

மறுபடி குனிந்து பார்த்தேன். "எழுவத்தி ஒண்ணு."

"வெளிய நெழல்ல முப்பத்தெட்டுங்க" என்று எழுதிக்கொண்டார். எழுபது என்று எனக்கு முழுசாக இருந்தது அவருக்கு ஒன்று குறைவாக இருந்தது. அவருக்கும் எனக்கும் உள்ள தூரம் அந்த ஒரு டிகிரிதான். அதைக் கடக்க என்னால் கடைசி வரை முடியவில்லை.

பிறகுதான் பானெட்டுக்குள் தலையை நீட்டினார். விஷயம் இதுதான். டர்போ என்பது ஒரு சின்னக் காற்றாடி. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையே அதைச் சுற்றிவிடும்; அது காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கும். அந்தக் காற்று வண்டியின் முன்பக்கத்திலிருந்து ஒரு குழாய் வழியாக வர வேண்டும். எங்களுக்கு முன்னால் கை வைத்த எவனோ அந்தக் குழாயைக் கழற்றிவிட்டு அப்படியே விட்டிருந்தான். ரேடியேட்டருக்குப் பின்னால், கொதிக்கிற டர்போவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கார் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சூடான காற்று பொரி மூட்டை மாதிரி. பார்க்கப் பெரிசு, உள்ளே சரக்கு இல்லை. டீசல் முழுசாக எரியாமல் புகையாகப் போனது.

"பாவம்ங்க. அடுப்புக்கு முன்னாடி ஒக்கார வச்சி ஓடச் சொல்லியிருக்காங்க" என்றார் தயாளன். அவர் பாவப்பட்டது காருக்கா ஏகாம்பரத்துக்கா தெரியவில்லை.

புதுக் குழாய்க்கு முதலில் செய்தித்தாளில் மாதிரி வெட்டினார். மூன்று மாதிரி. இரண்டைக் கிழித்தார். எங்கேயும் கூரான மடிப்பு வரக் கூடாது. "காத்துக்கு முட்டி இடிக்கக் கூடாதுங்க." மூன்றாவதை வைத்துத் தகரம் வெட்டி, மடித்து, பற்றவைத்தோம். டர்போ இல்லாத இடது பக்கம், முன் கிரில்லுக்கு உள்ளே வாய். மழைத்தண்ணீர் நேராக நுழையாதபடி வாய் கொஞ்சம் கீழே பார்த்திருக்கும். அடி வளைவில் தண்ணீர் வடிய ஒரு ஓட்டை. எஞ்சின் பக்கம் சூடு தாங்கும் கல்நார்க் கயிறு சுற்றி, நடுவில் ஒரு தகரத் தடுப்பு. எல்லாம் முடிந்ததும் வாயைத் தடவிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இதுக்கு முன்னாடி எதுவும் வேணாங்க. உள்ள பில்ட்டர் இருக்குது. அது பாத்துக்கும்."

இந்த வாக்கியத்தை நான் நன்றாகக் கேட்டேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

அன்று மத்தியானம் ஒன்றரைக்கு மலை ஏறினோம். அந்தப் பத்து நிமிஷத்தை என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. நடந்ததா, தூங்கினேனா என்று இப்போதும் ஒரு சந்தேகம். இரண்டாவது வளைவு வந்தது, வந்ததே தெரியாமல் போனது. எஞ்சின் சத்தம் தேனீ மாதிரி எங்கோ ஒரு ஓரத்தில். கீழே ஏரித் தண்ணீர் வெள்ளைத் தட்டாக அசையாமல் கிடந்தது. ரயில் பாதையில் ஒரு கூட்ஸ் வண்டி நகர்கிறதா நிற்கிறதா தெரியாதபடி போய்க்கொண்டிருந்தது. ஆந்திரா பக்கத்து மலைகள் வெயிலில் கரைந்து, இருக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பது போல நீலமாக மிதந்தன. ஏகாம்பரத்தின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். குழந்தை தூங்கும்போது இருக்குமே, அந்த முகம். கண் மட்டும் திறந்திருந்தது. நல்லவேளை.

தெர்மாமீட்டர் நாற்பத்திரண்டு காட்டியது. கிட்டே இல்லை, நாற்பத்திரண்டேதான்.

காரை ஒப்படைக்க நானும் அம்மையார்குப்பம் போனேன். கார் நிற்கிற இடம் தறிக் கொட்டகையின் வாசல். அங்கே காற்றில் எப்போதும் பஞ்சு பறக்கும். ஐந்து நிமிஷம் எஞ்சின் ஓடியதில், எங்கள் புதுக் குழாய் வாயில் வெள்ளையாக மீசை முளைத்துவிட்டது. பில்ட்டர் பார்த்துக்கொள்ளும் என்று சொன்னவர் திருத்தணியில் இருந்தார். பக்கத்தில் தறியிலிருந்து அப்போதுதான் அறுத்த துணியின் ஓரத்துண்டு கிடந்தது. மெல்லிய பருத்தி. எடுத்து என் வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன். காற்று தாராளமாகப் போனது. என் நெஞ்சு டர்போ இல்லை என்று அப்போது தோன்றவில்லை. குழாய் வாயில் துணியைப் போர்த்தி, கம்பியால் இறுக்கிக் கட்டினேன். போர்மேனுக்குத் தோன்றாதது நமக்குத் தோன்றிவிட்டது என்ற பெருமையில் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் வந்தேன்.

அந்தக் கிருத்திகை வந்தது. காலையிலிருந்தே சாரல். குளிர்ந்த காற்றுக்குப் பஞ்சமே இல்லாத நாள். சம்பந்தி வீட்டார் மூன்று பேரும் முதலாளியும் உட்கார, ஏகாம்பரம் மலை ஏறினான். இரண்டாவது வளைவில் கார் கரும்புகை விட்டது, திணறியது, நின்றது. சம்பந்திகள் பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாரலில் நடந்து மேலே போனார்கள். முதலாளியும் கூடவே நடந்தார். அவர்கள் தரிசனம் முடித்து இறங்கி வந்தபோது, கார் ஒரு குறையும் இல்லாமல் உறுமிக்கொண்டு நின்றது.

"நாங்க எறங்கனா ஓடுது, ஏறனா நிக்குதா? சம்பந்தி எதிர்ல என்ன நடக்க வுட்டுட்டியேடா" என்று முதலாளி கையை நீட்டினார். ஏகாம்பரம் சாவியைக் கொடுத்தான். ஏன் நின்றது, எப்படி ஓடியது என்று அவனும் சொல்லவில்லை.

மறுநாள் வேறு ஒருவர் காரை ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுவந்தார். தயாளன் குழாய் வாயைப் பார்த்தார். அங்கே துணி இல்லை. எனக்கு அது ஆச்சரியம். ஆனால் ஆச்சரியப்பட எனக்கு உரிமை இல்லை. விளிம்பைச் சுற்றி வெள்ளையாக ஏதோ காய்ந்து, செதில் செதிலாக ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினார். முகர்ந்தார். நாக்கு நுனியில் வைத்தார்.

"கஞ்சிங்க" என்றார்.

நான் ரேடியேட்டரைக் கூர்ந்து பார்த்தேன்.

"காருக்கு யாராவது கஞ்சி ஊத்தினாங்களா?"

"மலையில... அன்னதானம் எதனா..." என்று இழுத்தேன்.

தலையைச் சாய்த்து முழுசாகக் கேட்டார். "இருக்கட்டுங்க."

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். ஏகாம்பரம் எங்கள் வீட்டுக் கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முதலாளியின் கொட்டகைக்கே திரும்ப மனசில்லாமல், ஆர்.கே.பேட்டையில் ஒரு தறிக் கொட்டகையில் சொல்லி வைத்துவிட்டானாம். திங்கட்கிழமை சேர வேண்டுமாம். கஸ்தூரி அவன் சட்டையைத் துவைக்க எடுத்தவள், பாக்கெட்டிலிருந்து ஒரு துணியை இழுத்தாள். காய்ந்து அப்பளம் மாதிரி விறைத்திருந்தது.

"இன்னாடா இது? தறித்துணிய மடிச்சி வச்சிகினு கீற?"

அவன் என்னைப் பார்த்தான். நான் பார்த்ததும் பார்வையை மாற்றிக்கொண்டான். கஸ்தூரி நெசவு வீட்டில் பிறந்தவள். துணியையும் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு நோட்டுப் புத்தகம் தேவைப்படவில்லை.

"யோவ், நீதான் கட்டனியா? தறியிலேர்ந்து அறுத்த துணியில பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி அப்படியே இருக்கும், நனைஞ்சா கூழாயி அடைச்சிக்கும்னு கூடவா தெரியாது? எங்க வூட்ல பொண்ணு கட்டி இத்தினி வருஷம் இன்னாத்தப் பாத்த?"

"சாப்பாட்டப் பாத்தேன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நான் உண்மை சொல்லியும் ஜனங்கள் சிரிக்காத ஒரே தடவை அதுதான்.

ரோட்டுத் தண்ணீர் தெறித்து, துணி நனைந்து, கஞ்சி ஊறி, டர்போ இழுத்த இழுப்பில் குழாய் வாயில் தோசை மாதிரி அப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அவர்கள் மேலே போனதும் ஏகாம்பரம் பார்த்திருக்கிறான். பிய்த்து எடுத்திருக்கிறான். கார் உடனே கிளம்பியிருக்கிறது.

"ஏண்டா சொல்லல?"

"சொன்னா யாரு கட்டனதுன்னு கேப்பாரு. போர்மேன் வேணாம்னு சொன்னத நீ கட்டனன்னு ஒர்க்ஷாப்புக்குத் தெரிஞ்சிடும். ஒன் வேல போனா அக்கா, கொழந்தைங்க? நானு ஒத்த ஆளு பாவா. சத்தம்தான? பழகனதுதான்."

'பழகனதுதான்' என்று சொல்லும்போது அவன் கை காதுக்குப் போய்விட்டது. அவனுக்கே தெரியாமல்.

காலையில் தயாளன் எதிரே நின்றேன். "அரை நாள் லீவு வேணுங்க."

"எதுக்குங்க?"

"அம்மையார்குப்பம் போவணும்."

நோட்டிலிருந்து தலை நிமிர்ந்தார். "நேத்தே கேப்பீங்கன்னு நெனச்சேங்க. போய்ட்டு வாங்க."

தறிக் கொட்டகைக்குள் முப்பது தறியும் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே யார் பேசினாலும் வாய் அசைவதுதான் தெரியும். முதலாளி நடுவில் நின்று ஒரு பாவில் அறுந்த இழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்ச் சொன்னேன். காதைக் காட்டினார். கொஞ்சம் கத்தினேன். இன்னும் கிட்டே காதைக் கொண்டுவந்தார். பஸ்ஸில் வரும்போது நயமாக, சுற்றி வளைத்து, பாதிப் பழியைச் சாரல் மேல் போட்டு நான் தயாரித்து வைத்திருந்த பேச்சு அந்தச் சத்தத்தில் செல்லுபடியாகவில்லை. கத்திச் சொல்லச் சொல்ல வாக்கியம் குட்டையாகிக்கொண்டே வந்தது. கடைசியில் மூச்சை முழுக்கப் பிடித்துக்கொண்டு கத்தினேன். சரியாக அந்த நொடியில் கரண்ட் போனது. முப்பது தறியும் ஒரே அடியாக நின்றன.

"முட்டாள் நான்தாங்க! அவன் இல்ல!"

கொட்டகை முழுக்க என் குரல் மட்டும் போய்ச் சுவரில் முட்டித் திரும்பி வந்தது. முப்பது தறிக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது தெரிஞ்ச சேதிதானேப்பா" என்றார் ஒரு மூலையிலிருந்து ஒருவர். "வேற இன்னா?"

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. முதலாளி சிரிக்கவில்லை. விறைத்த துணியை நீட்டினேன். வாங்கி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்தார். ஓரத்தைப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"நம்ம தறிதான்" என்றார். "எங்க கட்டன?"

சொன்னேன். பஞ்சு, மீசை, போர்மேன் வேண்டாம் என்றது, நான் ஊதிப் பார்த்தது எல்லாம். கரண்ட் வராததால் ஒன்றையும் விழுங்க முடியவில்லை.

"அவனுக்குத் தெரியுமா?"

"மலையிலயே எடுத்தவன் அவன்தாங்க."

"தெரிஞ்சிகினேவா சாவியக் குடுத்தான்?"

"ஆங். நான் அவன் அக்கா புருஷங்க."

முதலாளி துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். கொட்டகையின் அமைதியில் எங்கேயோ ஒரு நூல் உருளை தரையில் உருண்டு நிற்கும் சத்தம் கேட்டது.

"சம்பந்திங்க அடுத்த கிருத்திகைக்கும் வர்றாங்க" என்றார். "அவனையே ஓட்டச் சொல்லு. நீ முன் சீட்ல ஒக்காரு. நின்னுச்சுன்னா நீ ஒருத்தனே தள்ளணும், மலை உச்சி வரைக்கும்." பிறகு கொட்டகை வாசலைப் பார்த்து, "வண்டிய இனிமே இங்க வுட வேணாம், அந்தப் பக்கம் வேப்பமரத்துக்குக் கீழ வுடுங்க" என்றார். பஞ்சுக்கு அவ்வளவு சுலபமான வைத்தியம் இருந்தது. எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த கிருத்திகை. வெயில் கொளுத்தியது. மத்தியானம். பின் சீட்டில் சம்பந்தி வீட்டார். முன்னால் ஏகாம்பரம், நான், ஜன்னலோரம் முதலாளி. குழாய் வாய்க்கு முன்னால் ஒன்றும் இல்லை, காற்றைத் தவிர. இரண்டாவது வளைவில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மலை உச்சி வந்திருந்தது. இடையில் என்ன நடந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஏதோ ஒன்று எங்களை அலுங்காமல் தூக்கிக்கொண்டு போய் மேலே வைத்தது போல இருந்தது.

அவர்கள் எல்லோரும் இறங்கித் தரிசனத்துக்குப் போனார்கள். முதலாளி திரும்பிப் பார்க்கவில்லை. போகிற போக்கில் கூரையை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். ஏகாம்பரம் எஞ்சினை நிறுத்தினான். நாலு கண்ணாடியையும் ஒவ்வொன்றாக ஏற்றினான். வெளியே காவடிக்காரர்கள், மேளம், தேங்காய்க் கடைக்காரரின் வாய் எல்லாம் அசைந்துகொண்டிருந்தன. ஒரு மயில்தோகைக் கட்டு காற்றில் மெதுவாகச் சாய்ந்து நிமிர்ந்தது. உள்ளே புழுங்கியது. சட்டை முதுகில் ஒட்டியது. அவன் அசையவில்லை.

"கேக்குதா பாவா?"

"இன்னா?"

"ஒண்ணுமே கேக்கலல்ல."

அவர்கள் திரும்பி வருகிற வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. முழுசாக முக்கால் மணி நேரம். கஸ்தூரி இதை மட்டும் இன்றுவரை நம்பவில்லை.